நோட்டில் ஏறாத காய்ச்சல்

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சில பேர் விசாரித்திருந்தீர்கள். ஒருவர் மட்டும், 'வாத்தியாருக்கு எழுத விஷயம் தீர்ந்துபோச்சா?' என்று கேட்டிருந்தார். தீரவில்லை ஐயா. விஷயம் என் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் எழுத முடியவில்லை.

மகளுக்குக் காய்ச்சல்.

மழைக்காலத்தில் எந்த வீட்டில்தான் பிள்ளைக்குக் காய்ச்சல் வரவில்லை என்பீர்கள். உண்மைதான். ஆனால் என் மகளுக்குக் காய்ச்சல் வந்த விஷயம் மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. நான் ஊருக்கு எங்கும் போகவில்லை. கூடவேதான் இருந்தேன். காலையும் மாலையும் டெம்பரேச்சர் பார்த்தேன். நோட்டுப் போட்டு எழுதியும் வைத்தேன்.

அப்புறமும் எப்படித் தெரியாமல் போகும்?

அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். நான் ஆலங்குடிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். என் மனைவி ரோஸ்லின் ஆவூர்ப் பக்கத்துப் பெண், நர்ஸ். ஒன்றரை வருடமாகக் குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். மகள் ஜெசி ஒன்றாம் வகுப்பு. வீட்டில் நானும் ஜெசியும்தான். ஜடை பின்னுவதில் ஆரம்பித்துத் தோசை வார்ப்பது வரை கற்றுக்கொண்டுவிட்டேன். ஜடை இன்னும் கொஞ்சம் கோணல்.

பிள்ளையை விட்டுவிட்டு இருக்கிற நர்ஸுக்கு முதல் பயம் எது? காய்ச்சல்தான். அதனால் போன ஜூலையில், லீவில் ஊருக்கு வந்த தோழி ஒருத்தியிடம் ரோஸ்லின் ஒரு மெஷினைக் கொடுத்தனுப்பினாள். காதில் வைத்துப் பார்க்கிற தெர்மாமீட்டர். நுனியைக் காதுக்குள் வைத்துப் பட்டனை அமுக்கினால் ஒரு 'பீப்'. ஒரே நொடியில் நம்பர் வந்துவிடும். பாதரசம் இல்லை, உதறவேண்டியதில்லை, அக்குளில் வைத்துக்கொண்டு பிள்ளையை அசையாதே அசையாதே என்று கெஞ்சவேண்டியதில்லை.

வீடியோ காலில் ரோஸ்லின் சொல்லிக்கொடுத்தாள். காதுல வைங்க, பட்டனை அமுக்குங்க, அவ்வளவுதான் என்றாள். நானும் வைத்தேன், அமுக்கினேன். 36.8. நம்மூர் கணக்கில் தொண்ணூற்றெட்டு சொச்சம். செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்றுவது எனக்கு வாய்ப்பாடு மாதிரி. ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, முப்பத்திரண்டைக் கூட்டு. எனக்கென்றே செய்த மெஷின் என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் தெருவுக்குத் தெரிந்தது. கேட்கவேண்டுமா? தலைவலி என்றாலும் வந்தார்கள், தலைவலி இல்லை என்றாலும் வந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் தன் ஆட்டுக்குப் பார்க்க முடியுமா என்று நிஜமாகவே கேட்டார். ஆட்டைத் தவிர எல்லோருக்கும் பார்த்தேன்.

மெஷினோடு ஒரு சின்ன டப்பாவில் மெல்லிய பிளாஸ்டிக் கவர்கள் வந்திருந்தன. ஒவ்வொரு தடவையும் நுனியில் ஒன்றை மாட்டிக்கொள்ளவேண்டும். தெரு உபயத்தில் ஆகஸ்ட்டிலேயே தீர்ந்துவிட்டன. சுத்தத்துக்காகத்தான் கவர், இனிமேல் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும்தானே பார்க்கப் போகிறோம் என்று விட்டுவிட்டேன். கவர் இல்லாமலும் பீப் வந்தது. நம்பரும் வந்தது. நம்பர் வருகிறது என்றால் மெஷின் வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது அந்த வாரத்துக்கு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஜெசி செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "அப்பா, எனக்குச் சுடுதுப்பா."

மடியில் உட்காரவைத்து மெஷினை எடுத்தேன். 36.9. திருப்பி அவளிடமே காட்டினேன். காய்ச்சல் இல்லை பார், நார்மல்தான் என்றேன். அவள் நம்பரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்ப் படுத்துக்கொண்டாள். வாட்ஸ்அப்பில் ரோஸ்லினுக்கு அனுப்பினேன்: 36.9. அவள் ஒரு கட்டைவிரல் அனுப்பினாள்.

புதன் காலை 36.7. இட்லி பாதிதான் சாப்பிட்டாள். மாலை 37.0. அன்றைக்கு நான் அவள் கழுத்தில் கையும் வைத்துப் பார்த்தேன், பொய் சொல்லக்கூடாது. சூடாகத்தான் இருந்தது. அப்போதுதான் பாத்திரம் கழுவிவிட்டு வந்திருந்தேன். கை குளிர்ந்திருக்கிறது, அதனால் அப்படித் தெரிகிறது என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். கைக்கும் மெஷினுக்கும் சண்டை வந்தால் படித்தவன் யார் பக்கம் நிற்பான்? மெஷின் பக்கம் நின்றேன்.

வியாழன் காலை காலெல்லாம் வலிக்கிறது என்றாள். 36.8. ஸ்கூலுக்குப் போகாமல் இருக்கச் சாக்கு என்று முடிவு கட்டினேன். வாத்தியார் புத்தி வேறு எப்படிப் போகும்? யூனிஃபார்ம் போட்டு, பைக்கில் ஏற்றி, அவள் பள்ளியில் இறக்கிவிட்டு, என் பள்ளிக்குப் போய்விட்டேன். வழியெல்லாம் முதுகில் சாய்ந்தே வந்தாள். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன்.

பதினொன்றரை மணிக்கு ஜெசியின் வகுப்பாசிரியை விமலா டீச்சரிடமிருந்து போன். பிள்ளை டெஸ்க்கில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டே இருக்கிறாள், உடம்பு சுடுகிறது, உடனே வாருங்கள் என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? காலையில்தான் பார்த்தேன் டீச்சர், முப்பத்தாறு புள்ளி எட்டு, நார்மல்தான் என்றேன்.

"சார், எனக்கு அந்தப் புள்ளிக் கணக்கெல்லாம் தெரியாது. புள்ள கொதிக்கிது. வாங்க."

போனேன். மெஷினையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். அது எப்போதும் என் பையில்தான் இருக்கும். ஜெசியை எழுப்பி, டீச்சர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காதில் வைத்து அமுக்கினேன். 37.0.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். அந்த நம்பரைப் பார்த்ததும் எனக்கு ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. 'நான்தான் சொன்னேனே' என்கிற நிம்மதி. பிள்ளை கண்ணைத் திறக்கமுடியாமல் கிடக்கிறாள்... நான் ஜெயித்துவிட்ட மாதிரி டீச்சரைப் பார்க்கிறேன்!

 டீச்சர் ஜெசியைத் தூக்கி என் தோளில் போட்டார். சட்டை வழியாக, என் தோளில், அவள் நெற்றி பட்ட இடம் சுட்டது. இஸ்திரிப் பெட்டியைத் துணியோடு தொட்டது போல.

அதற்கப்புறம் நான் நம்பரைப் பற்றிப் பேசவில்லை.

பைக்கில் வைத்துக்கொண்டு போகிற நிலையில் அவள் இல்லை. ஓர் ஆட்டோவைப் பிடித்தோம். தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு விமலா டீச்சரும் ஏறிக்கொண்டார். ஜெசி அவர் மடியில். புதுக்கோட்டையில் பிள்ளைகளைப் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே ஒரு நர்ஸ், சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரை ஜெசியின் அக்குளில் வைத்தார். 102.6. நான் சும்மா இருந்திருக்கலாம். உங்க தெர்மாமீட்டரில் ஏதோ கோளாறு போல, இப்போதுதான் பார்த்தேன் என்றேன். அவர் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் இன்னொன்றை எடுத்து அடுத்த அக்குளில் வைத்தார். 102.8.

இரண்டு தெர்மாமீட்டர் ஒரே மாதிரி தப்பாகச் சொல்லாது. அவ்வளவு கணக்கு எனக்கும் தெரியும்.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, எத்தனை நாளாகக் காய்ச்சல் என்பதுதான். இன்றைக்குத்தான் என்றேன். என் நோட்டை எடுத்து நீட்டினேன். தேதி, நேரம், செல்சியஸ், ஃபாரன்ஹீட் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதிய நோட்டு. அவர் பக்கத்தைப் பார்த்தார். பிறகு எதில் பார்த்தீர்கள் என்று கேட்டார். மெஷினைக் கொடுத்தேன்.

அவர் அதன் நுனியை டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நானும் அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த நுனியைச் சரியாகப் பார்த்தேன். உள்ளே ஒரு பொட்டு அளவுக்குக் கண்ணாடி. அதன்மேல் மஞ்சளாக ஒரு படலம். காது அழுக்கு. கவர் எங்கே என்று கேட்டார். தீர்ந்துவிட்டது என்றேன். எப்போது? ஆகஸ்ட்டில்.

அவர் திட்டவில்லை. வீட்டில் எப்படிப் பார்ப்பீர்களோ அப்படியே பார்த்துக் காட்டுங்கள் என்றார். எப்போதும் போல ஜெசியின் இடது காதில் நுனியை வைத்து அமுக்கினேன். 37.1.

டாக்டரம்மா ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அந்தக் கண்ணாடியைத் துடைத்துக் காயவைத்தார். அதற்குள் விளக்கு வைத்த கருவியால் ஜெசியின் இரண்டு காதுகளையும் பார்த்தார். இடது காதில் குறும்பி அடைத்திருந்தது. வலது காது சுத்தம். வலது காது மடலைப் பிடித்து மெதுவாக மேல்பக்கமாகவும் பின்பக்கமாகவும் இழுத்தார். நுனியை உள்நோக்கி, செவிப்பறையைப் பார்க்கிற மாதிரி வைத்து அமுக்கினார்.

39.6.

ஒன்பதால் பெருக்கி ஐந்தால் வகுக்க எனக்குத் தெம்பில்லை. விமலா டீச்சர் எட்டிப் பார்த்து, எவ்வளவு சார் என்று கேட்டார். நூற்று மூன்றுக்கு மேல் என்றேன்.

"மெஷின் நல்லாத்தான் சார் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "நீங்கதான் இத்தனை நாளா காதுக் குழாயோட ஓரத்தைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கீங்க. அதுவும் அழுக்குக் கண்ணாடி வழியா."

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இந்த மெஷின் காதைத் தொட்டுப் பார்ப்பதில்லை. செவிப்பறையிலிருந்து வருகிற வெப்பத்தைத் தூரத்திலிருந்து உணர்கிறது. செவிப்பறையின் சூடு உடம்பின் உள்சூட்டுக்கு நெருக்கமானது, அதனால்தான் அந்த இடம். ஆனால் பிள்ளைகளின் காதுக் குழாய் சின்னது, வளைந்தது. மடலை இழுத்து நேராக்கினால்தான் மெஷினுக்குச் செவிப்பறை தெரியும். இல்லாவிட்டால் குழாயின் சுவரைப் பார்த்துவிட்டு அதன் சூட்டைச் சொல்லும். அது எப்போதும் குறைவுதான். கண்ணாடியில் அழுக்கு இருந்தால் இன்னும் குறையும். மெஷினிடம் கேட்டால் அது சுவரைப் பார்த்தேன் என்று சொல்லாது. நம்பரை மட்டும் சொல்லும்.

என் வகுப்பில் விடையை மட்டும் எழுதி வைத்தால் நான் மார்க் போடமாட்டேன். வழியைக் காட்டு என்பேன். மெஷினிடம் ஒருநாள்கூட வழியைக் கேட்டதில்லை.

டாக்டரம்மா நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார். "இது எனக்கு உதவாது சார். எனக்கு நாள் கணக்குத்தான் வேணும்."

அது ஏன் என்பதையும் சொன்னார். இந்த சீசனில் டெங்குவாக இருக்குமோ என்றுதான் முதலில் பார்க்கவேண்டும். எந்த ரத்தப் பரிசோதனை செய்வது, எந்த நாளில் கவனமாக இருப்பது எல்லாம் காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்துதான் கணக்கு. அந்த முதல் நாள் எது? என் நோட்டில் அப்படி ஒரு நாளே இல்லை. எழுதிய வரி எல்லாம் நார்மல், நார்மல், நார்மல்.

அவர் ஜெசியிடம் குனிந்து, எப்ப இருந்துடா உனக்குச் சுடுது என்று கேட்டார்.

"டிராயிங் மிஸ் வந்தன்னைக்கு" என்றாள் ஜெசி, கண்ணை மூடியபடியே. "அப்பாட்ட சொன்னேன். மெஷின்ல இல்லன்னுட்டாங்க."

டிராயிங் வகுப்பு செவ்வாய்க்கிழமை மதியம் என்று விமலா டீச்சர் சொன்னார். டாக்டரம்மா சீட்டில் எழுதிக்கொண்டார்: காய்ச்சல், மூன்றாம் நாள்.

ஆறு வயதுப் பிள்ளை சொன்ன தேதி கேஸ் ஷீட்டில் ஏறியது. நான் ஸ்கேல் வைத்து எழுதியது பைக்குள் போனது.

ரத்தம் எடுத்தார்கள். டெங்குதான். அட்மிட் செய்தார்கள்.

அன்று மாலை ரோஸ்லினுக்கு எப்படிச் சொல்வது என்று வராந்தாவில் நெடுநேரம் நின்றேன். சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.  அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். இல்லை.

டாக்டர் காது மடலை இழுத்துத்தானே பார்த்தார்கள் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். 

"நான் அதை ஒங்களுக்குச் சொல்லவே இல்லைல்ல?" என்றாள். "ஒம்பது வருசமா கை தானா செய்யுதுங்க. வாய் சொல்ல மறந்துருச்சு."

நான் ஏதோ சமாதானம் சொல்லப் போனேன். அவள் விடவில்லை.

"மூணு நாளா நீங்க நம்பர் அனுப்புனீங்க, நானும் நம்பரைத்தான் பார்த்தேன். புள்ள சாப்பிட்டாளா, வெளையாடுனாளா, என்ன சொன்னான்னு நானும் கேக்கல. வார்டுல ஒரு பேஷண்டுக்கு இப்படி விட்டுருப்பேனா?"

அவள் அழுததை நான் இந்த ஒன்றரை வருடத்தில் அன்றைக்குத்தான் கேட்டேன். லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்தால் வாரேன் என்று சொல்லிவிட்டு வைத்தாள். உடனே கிடைக்கவில்லை. அது வேறு கதை.

வெள்ளியும் சனிக்கிழமையும் காய்ச்சல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை நர்ஸ் அக்குளில் வைத்துப் பார்த்தார். 98.2. நான் கடையில் வாங்கி வந்த புதுக் கவர் மாட்டி, மடலை இழுத்து, வலது காதில் பார்த்தேன். 36.9. இந்த முறை நிஜமான 36.9! எனக்குக் கண் கலங்கிவிட்டது. கீழே போய் டீ குடித்தேன். ரோஸ்லினுக்கு மெசேஜ் டைப் செய்ய ஆரம்பித்தேன். காய்ச்சல் விட்டுவிட்டது, இனிமேல் பயமில்லை என்று.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மாவிடமும் அதையே சிரித்துக்கொண்டு சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"இனிமேதான் சார் பார்க்கணும்" என்றார்.

டெங்குவில் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இறங்குகிற சமயத்தில்தான் ஆபத்து வருமாம். நம்பர் இறங்கும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாவார்கள், அந்த நேரத்தில்தான் உடம்புக்குள் நீர்ச்சத்து ரத்தக்குழாயை விட்டுக் கசியும். வயிற்று வலி, விடாத வாந்தி, பல் ஈறில் ரத்தம், கை கால் சில்லிட்டுப்போவது, சிறுநீர் குறைவது, சோர்ந்து சுருண்டு படுப்பது... இதில் எது வந்தாலும் உடனே கூப்பிடவேண்டும். அடுத்த ஒன்றிரண்டு நாள் தெர்மாமீட்டரைப் பார்க்காதீர்கள், பிள்ளையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

டைப் செய்த மெசேஜை அழித்தேன்.

தப்பான நம்பரை நம்பி மூன்று நாள் ஏமாந்தேன், சரி. இப்போது நம்பர் சரி. ஆனாலும் ஏமாந்திருப்பேன்.  காய்ச்சல் என்பது நோய் அல்ல, நோய் அனுப்புகிற ஒரு தகவல், அவ்வளவுதான். தகவல் நின்றுவிட்டால் அனுப்பியவன் போய்விட்டான் என்று அர்த்தமா?

அதே நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினேன். இந்த முறை கோடு போடவில்லை. எவ்வளவு கஞ்சி குடித்தாள், எத்தனை தடவை ஒன்றுக்குப் போனாள், என்ன கேட்டாள், என்ன சொன்னாள் என்று வரிசையில்லாமல் எழுதிக்கொண்டே வந்தேன். 'பத்து மணி: ஜன்னலை மூடச் சொன்னாள்.' 'பத்தேகால்: கைவிரல் சில்லென்று இல்லை.' 'பதினொன்று: இளநீர் வேண்டாம் என்றாள், அப்புறம் குடித்தாள்.' என் மாணவர்கள் இப்படி எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

மதியம் இரண்டு மணி இருக்கும். படுத்திருந்தவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, வயித்துக்குள்ள வலிக்குதுப்பா."

அரை மணி நேரம் முன்னால்தான் நர்ஸ் பார்த்துவிட்டுப் போயிருந்தார். எல்லாம் நார்மல் என்று எழுதியும் இருந்தார். கஞ்சி குடித்த வயிறு, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா என்று ஒரு பழைய குரல் உள்ளே கேட்டது. அந்தக் குரல் என்னுடையதுதான். நன்றாகத் தெரியும். நான் எழுந்து ஓடினேன்.

வந்தார்கள். பி.பி. பார்த்தார்கள், மறுபடி ரத்தம் எடுத்தார்கள். நீர் கசிந்து ரத்தம் கெட்டிப்பட ஆரம்பித்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. டிரிப்ஸின் வேகத்தை மாற்றினார். அதற்கப்புறம் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்தார்கள். உடனே சொன்னது நல்லதாகப் போயிற்று என்று மட்டும் சொன்னார். சொல்லாமல் இருந்திருந்தால் என்ன என்று நான் கேட்கவில்லை. சில கேள்விகளுக்கு விடை தெரியாமல் இருப்பதே நல்லது.

திங்கட்கிழமை மதியம், பக்கத்துக் கட்டில் பிள்ளை வைத்திருந்த செல்போனில் கார்ட்டூன் பார்க்கவேண்டும் என்று ஜெசி சண்டை போட்டாள். நர்ஸ் என்னிடம், இனிமே பயப்படாதீங்க சார் என்றார். அந்தச் சண்டையை எந்த மெஷினில் அளந்து காட்டுவது? ரோஸ்லினுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். மகள் கத்துவதை அவள் அங்கே யூனிஃபார்மோடு நின்று, வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். புதன்கிழமை வீட்டுக்கு வந்தோம்.

கிளம்பும்போது டாக்டரம்மாவிடம் நேரடியாகக் கேட்டேன். இந்தக் காது மெஷினை வைத்துக்கொள்ளவா, தூக்கிப் போடவா? எதற்குத் தூக்கிப்போடுகிறீர்கள், கற்றுக்கொள்ளுங்கள் என்றார்.

நான் டாக்டர் இல்லை. அவர் சொன்னதைத்தான் இங்கே திருப்பிச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இதே மெஷின் இருந்தால், கண்ணாடியைத் துடைத்துப் பழகுங்கள், கவர் தீர்ந்தால் வாங்குங்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு மடலை மேலும் பின்னும் இழுக்கவேண்டும், அதைவிடச் சின்னதுக்கு நேராகப் பின்பக்கம். ஆறு மாதத்துக்குள் இருக்கிற குழந்தைக்குக் காது மெஷினே வேண்டாம், குழாய் அவ்வளவு சின்னது. பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத குழந்தைக்குச் சுடுவது போல இருந்தால் வீட்டில் வைத்து நம்பர் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள். ஒரு பக்கமாகப் படுத்துத் தூங்கி எழுந்த பிள்ளைக்கு அந்தப் பக்கக் காது கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், வெயிலில் ஆடிவிட்டு வந்தாலும் அப்படித்தான், கொஞ்ச நேரம் பொறுத்துப் பாருங்கள். பிள்ளை நன்றாக இருக்கிற நாளில் இரண்டு மூன்று தடவை பார்த்து, அவளுடைய நார்மல் எது என்று தெரிந்து வையுங்கள். சந்தேகம் வந்தால் அக்குளிலும் பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

அப்படியானால் கையை வைத்துப் பார்ப்பதே போதுமா என்று கேட்டேன். அதற்கும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கை வைத்துவிட்டுக் காய்ச்சல் என்று ஓடிவருகிற பெற்றோரில் பலருடைய பிள்ளைகளுக்குக் காய்ச்சலே இருக்காது என்றார். கையும் ஒரு மெஷின்தான். அதையும் யாரோ ஒருவர் வைத்துத்தான் பார்க்கிறார் என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் அன்றைக்கு எனக்குச் சரியாகப் புரியவில்லை. போன திங்கட்கிழமைதான் புரிந்தது.

அன்றைக்குத்தான் ஜெசி மறுபடி பள்ளிக்குப் போனாள். விமலா டீச்சருக்கு நன்றி சொல்வதற்காக நானும் உள்ளே போனேன். அவர் கை வைத்துப் பார்த்துச் சொல்லியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் பல தடவை நினைத்திருக்கிறேன். அதைச் சொல்லவும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் சாக்பீஸ் டப்பாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"சார், ஒண்ணு சொல்லணும் ஒங்ககிட்ட. அந்தச் செவ்வாய்க்கிழமை அவ மொதல்ல என்கிட்டதான் வந்து சொன்னா. நானும் கழுத்துல கை வச்சுப் பார்த்தேன். சுடத்தான் செஞ்சுச்சு. வெயில்ல ஆடிட்டு வந்துருக்கா, தண்ணியக் குடிச்சுட்டுப் போயி உக்காருன்னு அனுப்பிட்டேன்."

ஆஸ்பத்திரியில் டிராயிங் வகுப்பு எந்தக் கிழமை என்று கேட்டபோது சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை என்றார். கை தப்பாகச் சொல்லவில்லை, நான்தான் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டேன் என்றார்.

பாத்திரம் கழுவிய என் ஈரக்கையை நான் நினைத்துக்கொண்டேன். அவரிடம் அதைச் சொன்னேன்.  உள்ளே ஒன்றாம் வகுப்பு கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது. அதில் ஜெசியின் குரலும் இருந்தது.

இரண்டு வாத்தியார்கள் சேர்ந்து, சரியான விடைக்குத் தப்புப் போட்டு அனுப்பியிருக்கிறோம்.